வீட்டிற்குள் வந்த கங்காணி

(தென்காசி வட்டாரத்துப் படிப்பகம் ஒன்றில், மென்பொருள் துறையில் பணியாற்றும் இளைஞர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)

நண்பர்களே! இக்கூட்டத்திற்கு வர நேரமின்றி, ஞாயிற்றுக்கிழமை ஏட்டிலே இவ்வுரையைப் படிக்கவிருக்கும் தோழர்களே!

இந்தப் படிப்பகத்திற்கு வரும் வழியில், தெருத் திருப்பத்திலே ஒரு வீடு கண்டேன். திண்ணையிலே ஒரு தாய், மடியிலே முறம், முறத்திலே இலையும் தூளும். விரல்கள் ஓடுகின்றன, கண்கள் அவற்றைப் பார்க்கவும் இல்லை. அத்தனை ஆண்டுப் பழக்கம்! சன்னல் வழியே உள்ளே நோக்கினேன். மகன் அமர்ந்திருந்தான். எதிரே கணிப்பொறித் திரை. அவன் விரல்களும் ஓடிக்கொண்டிருந்தன. தாய் சுற்றுவது பீடி. மகன் எழுதுவது மென்பொருள். தாய்க்கு வேலை கொடுப்பவர் பக்கத்து ஊர்க் கடைக்காரர். மகனுக்கு வேலை கொடுப்பவரோ கடலுக்கு அப்பால் இருக்கிறார்.

என்னை அழைத்து வந்த தோழர் பெருமை பொங்கச் சொன்னார்: “பாருங்கள் ஐயா, நம்மூர்ப் பிள்ளை! வீட்டிலிருந்தபடியே அமெரிக்காவுக்கு வேலை செய்கிறான்!” பெருமைதான்; மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். “அந்த அம்மா எப்போது முறத்தை எடுத்து வைப்பார்?” “ஆயிரம் எண்ணிக்கை முடிந்ததும் எடுத்து வைத்துவிடுவார்” என்றார். “மகன் எப்போது கணிப்பொறியை மூடுவான்?” என்றேன். தோழர் விடை சொல்லவில்லை. நடந்தோம்.

அந்த விடை கிடைக்காத கேள்வியோடுதான் உங்கள்முன் நிற்கிறேன். தொலைவிலே பிரிந்திருந்து மென்பொருள் எழுதும் குழுக்களை நடத்திச் செல்வது எப்படி, அவர்தம் உடலும் உள்ளமும் கெடாமற் காப்பது எப்படி என்று பேசும்படி பணித்தீர்கள். “இது நிர்வாகப் பாடமாயிற்றே! அரசியல் மேடையிலே இதற்கென்ன வேலை?” என்று கேட்பாரும் உளர். எட்டு மணி நேர வேலை என்பதும் ஒரு காலத்தில் முதலாளி வீட்டுக் கணக்காகத்தான் இருந்தது. 1886-இல் சிக்காகோ வீதியிலே குருதி சிந்திய பிறகுதான் அது உலகத்தின் கணக்காயிற்று. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் எழுப்பிய முதற் குறைகளுள் ஒன்று எது தெரியுமா? நண்பகல் உணவுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பது! சோறு உண்ணும் நேரத்திலேதான் நம் நாட்டுத் தொழிலாளர் அரசியல் தொடங்கிற்று. ஆகவே, சோற்றுத் தட்டைக் கணிப்பொறியின் அருகே வைத்து, ஒரு கையால் உண்டு, மறு கையால் விடை அனுப்பும் இளைஞனைப் பற்றிப் பேசுவது அரசியல் அன்று என்று எவரும் சொல்ல வேண்டாம்.

2020 மார்ச்சு 25-ஆம் நாள் நாடு முழுதும் அடைக்கப்பட்டது. அதற்கு முன்னர் நம் பிள்ளைகள் எப்படி இருந்தனர்? 2000-இல் தரமணியிலே டைடல் பூங்கா எழுந்தது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. தென்காசிப் பிள்ளையும் திருவாரூர்ப் பிள்ளையும் அங்கே சென்று, ஓர் அறையில் நால்வராகத் தங்கி, கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நின்றனர். நோய் வந்தது. மாளிகைகளைப் பூட்டினர். கணிப்பொறியைக் கையிலே கொடுத்து, ‘ஊருக்குப் போ’ என்றனர். வேலை நின்றதா? இல்லை! அடுக்களை ஓரத்திலும் மாடிப்படியின் கீழும் அமர்ந்து, மின்சாரம் போனபோது கைப்பேசியின் இணையத்தைப் பிடித்துக்கொண்டு, நம் பிள்ளைகள் வேலையை நடத்திக் காட்டினர். ‘கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால்தான் வேலை நடக்கும்’ என்று ஆண்டுக்கணக்காக ஓதப்பட்ட மந்திரம் பொய்த்தது.

பொய்த்தது கண்டு மகிழவேண்டியவர்கள் மகிழவில்லை, அஞ்சினர். 2022-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பல நாடுகளில் ஒரு கணிப்பு எடுத்தது. பணியாளருள் 100-க்கு 87 பேர், ‘நாங்கள் நன்றாகவே வேலை செய்கிறோம்’ என்றனர். தலைமைப் பொறுப்பில் இருப்போருள் 100-க்கு 85 பேர், பணியாளர் சரியாக வேலை செய்கிறார்கள் என்று நம்புவது கடினமாகிவிட்டது என்றனர்! வேலை நடக்கிறது; சரக்கு வந்து சேருகிறது; வருவாய் ஏட்டிலே ஏறுகிறது; ஆயினும் ஐயம் தீரவில்லை. அந்த ஐயத்திலேதான் கங்காணி மறுபிறவி எடுத்தான்.

கங்காணி! அந்தச் சொல்லைத் தமிழன் மறக்கலாமா? கண் காணிப்பவன் கங்காணி. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மக்களை ஊர் ஊராகத் திரட்டிச் சென்றவன் அவன். வெள்ளைத் துரைக்குத் தமிழ் தெரியாது. தொழிலாளிக்குத் துரையின் மொழி தெரியாது. இடையிலே நின்றான் கங்காணி. நாள்தோறும் எத்தனை தலைகள் வேலைக்கு வந்தன என்று எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. எத்தனை தலை என்பதே அவன் கணக்கு. அந்தத் தலைக்குக் காய்ச்சலா, கண்ணீரா என்பது அவன் கணக்கிலே இல்லை. அவன் அயலானும் அல்லன், நம்மூரான், பல வேளைகளில் உறவினன். கொடுமையின் கூர்மை அதிலேதான் இருந்தது.

இன்றைய கங்காணிக்குத் தலைப்பாகை இல்லை, பிரம்பு இல்லை, உருவமே இல்லை. கணிப்பொறிக்குள்ளே ஒரு நிரலாக ஒளிந்திருக்கிறான். சில நிமிடத்திற்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கிறான். எத்தனை எழுத்துகள் தட்டப்பட்டன என்று எண்ணுகிறான். சுட்டி அசையாவிட்டால் உன் பெயருக்கு அருகே உள்ள பச்சைப் புள்ளியை மஞ்சளாக்குகிறான். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மாலையிலே வீட்டுக்குப் போவான். இவன் வீட்டிற்குள்ளேயே குடியிருக்கிறான்.

இது வீண் அச்சம் அன்று. 2020-இல் அதே மைக்ரோசாஃப்ட் நிறுவனம், எந்தப் பணியாளர் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை கூட்டங்களில் தோன்றினார் என்பதைப் பெயரோடு மேலாளர்க்குக் காட்டும் வசதி ஒன்றைக் கொடுத்தது. ‘இது வேவு’ என்று எதிர்ப்புக் கிளம்பியதும், அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்திலேயே பெயர்களை நீக்குவதாக அறிவித்தது. எதிர்ப்புக்குப் பயன் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2024-இல் அமெரிக்க வங்கி ஒன்று பத்துக்கும் மேற்பட்டோரை வேலையினின்று நீக்கியது. காரணம், வேலை செய்வதுபோலத் தட்டச்சுப் பலகையை இயங்கவைத்துப் போக்குக் காட்டினராம். சுட்டியைத் தானே ஆட்டிக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் கடையிலே விற்கின்றன, நண்பர்களே! வேடிக்கையைப் பாருங்கள்: கண்காணிப்பதும் ஒரு கருவி, ஆடுவதும் ஒரு கருவி, கருவியைக் கருவி ஏமாற்ற, நடுவிலே வேலை எங்கோ கிடக்கிறது! போக்குக் காட்டுவோரை நான் ஆதரிக்கவில்லை. அசைவுக்குக் கூலி என்று நீ வைத்தால், அசைவைத்தான் வாங்குவாய் என்றுதான் சொல்கிறேன்.

மென்பொருள் எழுதுவது மூட்டை தூக்குவது போன்றதன்று. இரண்டு நாள் திரையை வெறித்துப் பார்த்தும் பிடிபடாத பிழை, குற்றாலத்துத் தண்ணீரிலே தலையைக் கொடுத்து நிற்கும்போது சட்டென்று பிடிபடும். அந்த நேரம் கங்காணியின் கணக்கிலே வராது. 1982-இல் ஆப்பிள் நிறுவனத்தில் நடந்தது ஒன்று சொல்வேன். லிசா என்னும் கணிப்பொறியை உருவாக்கிக்கொண்டிருந்த குழுவிலே, ஒவ்வொருவரும் வாரந்தோறும் எத்தனை வரிகள் எழுதினர் என்று படிவத்திலே நிரப்பித் தரவேண்டும் என்று மேலாளர்கள் ஆணையிட்டனர். அங்கே பில் அட்கின்சன் என்றொரு வல்லுநர். அவர் அந்த வாரம் பழைய நிரல் ஒன்றைச் செப்பனிட்டு, விரைவு பல மடங்கு கூடும்படி செய்திருந்தார். செப்பனிட்டதிலே 2,000 வரிகள் குறைந்துபோயின. படிவத்தை எடுத்தார், ‘கழித்தல் 2,000’ என்று எழுதிக் கொடுத்தார்! சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டனராம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தோற்றுப்போன கணக்கைத்தான், இன்று புதுச் சட்டை போட்டு நம்முன் நிறுத்துகிறார்கள்.

‘கண்காணியாமல் குழுவை நடத்த முடியுமா? ஏட்டுச் சுரைக்காய்!’ என்பீர்கள். முடிந்திருக்கிறது; அதுவும் இணையம் என்ற சொல்லே இல்லாத காலத்தில்! 1939-இல், இட்லரின் கொடுமைக்குத் தப்பி, ஐந்து வயதுச் சிறுமியாகப் பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட யூதக் குழந்தை ஒன்று. வளர்ந்தாள், கணிதம் கற்றாள், கணிப்பொறித் துறையிலே நுழைந்தாள், பெண் என்பதால் மேலேற விடாது தடுக்கப்பட்டாள். 1962-இல், ஆறு பவுன் முதலோடு, தன் வீட்டிலேயே மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினாள். அவர்தான் ஸ்டெபனி ஷெர்லி அம்மையார். திருமணம் ஆனதும், பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு விரட்டப்பட்ட பெண்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். முதல் 300 பேரிலே ஆடவர் மூவர்தாம்! ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் அமர்ந்து, தாளிலே பென்சிலால் நிரல் எழுதினர். அது அஞ்சலிலே சென்றது. வேறோர் இடத்திலே அட்டையில் துளையிடப்பட்டது. அதன் பின்னரே கணிப்பொறியைக் கண்டது. கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான மென்பொருளை இப்படித்தான் அந்தப் பெண்கள் எழுதினர்!

அவர்களுக்குப் பச்சைப் புள்ளி இருந்ததா? தொலைபேசி மணி அடித்தால், பின்னணியிலே குழந்தையின் அழுகுரல் கேட்கக் கூடாதே என்று, தட்டச்சுப் பொறியின் ஓசையைப் பதிவு செய்து வைத்து ஓடவிட்டாராம் அம்மையார். கடிதத்திலே ஸ்டெபனி என்று கையொப்பமிட்டால் விடையே வரவில்லை, ஸ்டீவ் என்று இட்டார், வந்தது! உலகத்தை ஏமாற்ற அந்த ஓசை தேவைப்பட்டது. தம் பணியாளரை அளக்க அவருக்கு எந்த ஓசையும் தேவைப்படவில்லை. என்ன வேலை, எந்த நாளுக்குள் என்பது தெளிவு. எந்த வேளையில் என்பது அவரவர் விருப்பம். பின்னாளிலே நிறுவனத்தின் பங்குகளைப் பணியாளருக்கே பகிர்ந்தார். எழுபது பேர் செல்வர் ஆயினர். 1975-இல், ஆண் பெண் வேற்றுமை பாராட்டக் கூடாது என்று அந்நாட்டிலே சட்டம் வந்தது. பெண்களுக்கே வேலை என்ற கொள்கையைக் கைவிட்டு, ஆடவர்க்கும் இடம் கொடுக்கவேண்டியதாயிற்று! 2025-இல்தான் அவர் மறைந்தார். நம் ஏடுகள் எத்தனை அவரை நினைவுகூர்ந்தன என்று தெரியவில்லை, நினைவுகூர்ந்திருக்க வேண்டும்.

இனி, முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் குழுத் தலைவர்களே, உங்களிடம் வருகிறேன். ஏட்டிலே படிக்கும் தோழரே, உமக்குக் கீழே எட்டுப் பேரோ பத்துப் பேரோ இருந்தால், இது உமக்கும்தான். நீங்களும் கூலி பெறுவோரே. உங்களுக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர். மேலேயிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே கீழே இறக்கிவிட்டால் உங்கள் வேலை எளிது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அப்படித்தான் எண்ணினான்.

நேரக் கணக்கைப் பாருங்கள். கலிபோர்னியாவிலே காலை 9 மணி என்றால், நமக்கு அவர்களுடைய குளிர்காலத்தில் இரவு 10.30, கோடையில் 9.30. அங்கே ஒருவர் காலைக் காப்பியோடு கூட்டத்திற்கு வருகிறார். இங்கே ஒருவர் உறங்கும் குழந்தையை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டு வருகிறார். நாள்தோறும் அந்தக் கூட்டம் தேவையா? பத்தில் ஏழு கூட்டங்கள், எழுதி அனுப்பியிருந்தால் தேவைப்பட்டிரா என்பது என் எண்ணம். உங்கள் எண்ணிக்கை வேறாயின் சொல்லுங்கள். முடிவுகளை எழுதி வையுங்கள். யார் சொன்னார், ஏன் முடிவாயிற்று, இனி எவர் செய்வார் என்று எழுதி, எவரும் எடுத்துப் படிக்கும் இடத்தில் வையுங்கள். கிட்லேப் என்ற நிறுவனம் அலுவலகமே இல்லாமல் உலகெங்கும் பரவிய பணியாளரோடு நடக்கிறது. தன் நடைமுறைகளைப் பெரும்பாலும் கையேடாக எழுதி ஊரறிய வெளியிட்டு வைத்திருக்கிறது. எழுத்திலே இருந்தால் உறங்கியவன் விடிந்தபின் படித்துக்கொள்வான். பேச்சிலே மட்டும் இருந்தால் உறங்கியவனுக்கு இழப்பு. கூட்டம் இன்றியமையாததாயின், அந்த இரவை முறைவைத்துப் பங்கிடுங்கள். ஒரு வாரம் நாம் விழிப்போம், ஒரு வாரம் அவர்கள் விழிக்கட்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேட்டுத்தான் பாருங்களேன்!

நள்ளிரவிலே இணையதளம் படுத்துவிட்டால் எழுந்து சரிசெய்ய ஒருவர் முறைக்காவல் இருப்பது இத்துறையின் வழக்கம். ஆன்-கால் என்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்பட்டு நான்கு மணிக்குப் படுத்தவனை, காலை ஒன்பதரைக் கூட்டத்திற்குக் கூப்பிடும் தலைவரை நான் அறிவேன். ஆலையிலே இரவுப் பாளி பார்த்தவனைப் பகற்பாளிக்கும் நிற்கச் சொன்னால் வாயிலிலே கூட்டம் கூடிவிடும். இங்கே வாயிலே இல்லையே, எங்கே கூடுவது? ஆகவே, விழித்த இரவுக்கு மறுநாட் காலை ஓய்வு என்பதை அவன் கேட்காமலே கொடுங்கள். அதே பிழைக்காக மூன்று முறை எழுப்பப்பட்டால், எழுப்பப்பட்டவனைக் கேளாதீர்கள். அந்தப் பிழையைச் சரிசெய்ய நாள் ஒதுக்காத உங்களைக் கேளுங்கள்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளையை நினைத்தால் எனக்குக் கவலை மிகுகிறது. கல்லூரியை விட்டு நேரே தன் வீட்டு அறைக்குள் வேலைக்குச் சேர்ந்தவன். உடன் பணியாற்றுவோரைச் சதுரக் கட்டங்களாகவே கண்டவன். அலுவலகத்தில் என்றால், பக்கத்திலே இருப்பவரின் தோளைத் தட்டி, ‘அண்ணா, இது ஏன் ஓடவில்லை?’ என்று கேட்பான். இங்கே கேட்க அஞ்சி, மூன்று நாள் ஒரே பிழையோடு மல்லாடுகிறான். தன்னைத்தானே தகுதியற்றவன் என்று எண்ணத் தொடங்குகிறான். அவனுக்கு முதற் சில மாதங்கள் நேர்முகமான துணை வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்பதை விடாப்பிடியாகப் போற்றும் நண்பர்கள் சினம் கொள்ள வேண்டாம். சிலருக்கு அலுவலகம்தான் மூச்சுவிடும் இடம். ஓரறை வீட்டிலே ஐவரோடு வாழும் பிள்ளைக்கு அங்கேதான் ஒரு நாற்காலி உண்டு. இந்த மாவட்டத்து மத்தளம்பாறையிலே சோகோ நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. ஊரை விட்டும் போகாமல், தனிமையிலும் விழாமல் இருக்க, ஊருக்கு அருகே ஓர் இடம் என்பதும் ஒரு வழிதான்.

பெண்களின் நிலை என்ன? 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடுவணரசே வெளியிட்டிருக்கிறது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதிலே ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடம். ஆணுக்கு 88 நிமிடம்! ‘வீட்டிலேதானே இருக்கிறாய்’ என்ற ஒரு சொல், எத்தனை பெண்களின் முதுகை ஒடித்திருக்கிறது! அலுவலகக் கதவு இருந்தபோது, அந்தக் கதவுக்கு அப்பால் எட்டு மணி நேரமேனும் அவள் பொறியாளர். இன்று குக்கர் ஊதலுக்கும் கூட்டத்தின் மணிக்கும் நடுவே நிற்கிறாள். ஒளிப்படக் கருவியை எந்நேரமும் திறந்து வைக்க வேண்டும் என்று கட்டளையிடும் தலைவரே, அவள் வீட்டைக் காண உமக்கு உரிமை கொடுத்தவர் யார்? ஆடவத் தோழர்களுக்கும் ஒரு சொல்: பெண்ணுரிமை பேசுகிற இயக்கத்தவர் வீட்டிலாவது அந்த 88 என்னும் எண் உயரவேண்டாமா?

‘நாங்கள் பணியாளர் நலம் பேணுகிறோமே’ என்பார்கள் நிறுவனத்தார். வெள்ளிக்கிழமை மாலை யோகாசனம். தீபாவளிக்கு ஒரு பெட்டி. மன அமைதிக்கு ஒரு செயலி. அந்த யோகாசனமும் இரவு ஏழு மணிக்கு, வருகைப் பதிவோடு! மறுக்க வேண்டாம், மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் கழுத்திலே காலை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து விடச் சொல்வதா? உலக நலவாழ்வு அமைப்பும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். வாரத்திற்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்போரைவிடப் பக்கவாத நோய் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி. மாரடைப்பு வகை நோயால் சாகும் வாய்ப்பு 17 விழுக்காடு மிகுதி. நெடுநேர உழைப்பால் 2016-ஆம் ஆண்டிலே மட்டும் மாண்டோர் 7,45,000 பேர்! இந்தக் கணக்கு வெளிவந்த பிறகும், வாரத்திற்கு 70 மணி உழை என்கிறார் ஒரு பெரியவர். 90 மணி உழை என்கிறார் இன்னொருவர்.

உள்ளம் சோர்ந்தவன் உரக்க அழமாட்டான்; அமைதியாகிவிடுவான். முன்பு வேடிக்கை பேசியவன் ஒற்றைச் சொல்லிலே விடை தருகிறான், நள்ளிரவிலே நிரல் அனுப்புகிறான், விடுப்பே எடுப்பதில்லை. இவை பச்சைப் புள்ளியிலே தெரியா. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் அவனோடு தனியே பேசினால் தெரியும். ‘வேலை எங்கே நிற்கிறது?’ என்பதை முதலிலே கேளாதீர்கள். ‘உன்னைத் தடுத்து நிற்பது எது, நான் எதை அகற்ற வேண்டும்?’ என்று கேளுங்கள். அவன் சொன்னது உங்களோடு நிற்கட்டும். மதிப்பீட்டு ஏட்டுக்கு அது போகும் என்று அவனுக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் எதையும் சொல்லமாட்டான். உங்களால் தாங்க முடியாத துயரமாயின், 14416 என்ற எண்ணிலே 2022 முதல் அரசின் மனநல உதவி இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

இவ்வளவும் நல்ல தலைவர் செய்வார். நல்லவர் மாறிப்போய் வேறொருவர் வந்தால்? தயவிலே கிடைப்பது தயவோடே போகும். அதனாற்றான் உரிமை வேண்டும் என்கிறேன்.

அந்தத் திண்ணைத் தாயிடம் திரும்புவோம். வீட்டிலே அமர்ந்து பீடி சுற்றுபவர் தொழிலாளியே அல்லர், அவர் ஏதோ ஓய்வு நேரத்திலே செய்கிறார் என்றுதான் முதலாளிகள் வெகுகாலம் வாதிட்டனர். 1966-இல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. இலையும் தூளும் வாங்கி வந்து வீட்டிலே சுற்றுபவரும் தொழிலாளியே என்றது. முதலாளிகள் வழக்காடினர், 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அச்சட்டம் இப்போது தனியே இல்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் அடங்கிவிட்டது. அத்தொகுப்பைப் பற்றிப் பேச வேறொரு ஞாயிறு வேண்டும். நான் காட்ட விரும்புவது இது: எழுத்தறியாத் தாய்மார்களின் வீட்டுப்படி ஏறி அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் உள்ளே வந்தது. பட்டம் பெற்ற மகனின் அறைக்கு உள்ளே வந்தது கங்காணி மட்டுமே!

பிற நாடுகள் என்ன செய்தன? பணி நேரம் முடிந்தபின் தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்சு 2016-இல் சட்டத்திலே எழுதியது. 2017 முதல் நடைமுறை. போர்ச்சுக்கல் 2021-இல் இயற்றிய சட்டம் இன்னும் கூர்மையானது. ஓய்வு நேரத்திலே பணியாளரைத் தொடர்பு கொள்ளாதிருப்பது முதலாளியின் கடமை என்றது. வீட்டிலிருந்து உழைப்பதால் கூடும் மின்சார, இணையச் செலவை முதலாளி ஏற்கவேண்டும் என்றது. தனிமையைப் போக்க, இரண்டு மாதத்திற்கு ஒருமுறையேனும் நேரிற் சந்திக்க வழி செய்ய வேண்டும் என்றது. ஆஸ்திரேலியா 2024-இல் சேர்ந்துகொண்டது. நம் மக்களவையிலே 2018-இல் சுப்ரியா சுலே அம்மையார் தனி உறுப்பினர் மசோதா ஒன்று கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

‘சட்டம் போட்டால் வேலை வேறு நாட்டுக்கு ஓடிவிடும்’ என்று உடனே அச்சுறுத்துவார்கள்.  2023 ஏப்ரலில், ஆலைகளிலே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒருசேர எழுந்தன. மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 2024-இல் கருநாடகத்திலே மென்பொருள் துறைக்கு 14 மணி நேரம் என்ற பேச்சு எழுந்தது. அங்குள்ள மென்பொருள் ஊழியர் சங்கம் வீதிக்கு வந்தது. நாள் முழுதும் நின்றே தீரவேண்டும் என்றிருந்த துணிக்கடைப் பெண்களுக்கு, அமரும் உரிமையைக் கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் சட்டமாக்கின. நின்றவர் அமர்ந்தனர், அமர்ந்தே கிடப்பவர் எழுந்திருக்கும் உரிமையை எப்போது கேட்கப்போகிறீர்? ‘எங்கள் துறையிலே சங்கம் கூடாதாமே’ என்று இன்றும் சிலர் சொல்லக் கேட்கிறேன். கூடும்! தொழிற்சங்கம் அமைப்பதினின்று மென்பொருள் நிறுவனங்களுக்கு விலக்கு ஏதும் இல்லை என்று 2016-இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது.

பேச்சை முடிக்கும்போது ஒரு தங்கை எழுந்து கேட்டார்: “சட்டம் வரும்போது வரட்டும் ஐயா, நாளை இரவு பத்தரைக்கு எனக்குக் கூட்டம் இருக்கிறதே, நான் என்ன செய்ய?” நல்ல கேள்வி. நாளைக் கூட்டத்திற்குப் போங்கள், அம்மா. தனியே மறுத்துத் தனியே அடிபட வேண்டாம். ஆனால் ஒன்று செய்யுங்கள். பீடி சுற்றும் தாயிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. எவ்வளவு இலை வாங்கினார், எத்தனை கட்டுக் கொடுத்தார் என்று அதிலே எழுதியிருக்கும். உங்களிடம் என்ன இருக்கிறது? உங்கள் நேரம் முழுதும் முதலாளியின் கருவியிலே பதிவாகிறது. உங்கள் கையிலே ஒரு வரி இல்லை. நாளை முதல் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கினேன், எத்தனை மணிக்கு மூடினேன், மூடியபின் எத்தனை முறை அழைத்தனர், எந்த இரவு எழுப்பினர். நிறுவனத்தின் மறைபொருள் எதுவும் அதிலே வேண்டாம். உங்கள் மணிக்கணக்கு மட்டும் போதும். குழுத் தலைவர்களும் எழுதட்டும். தாங்கள் பிறரை அழைத்த நேரத்தையும் சேர்த்து.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, மாலை 5 மணிக்கு, இதே படிப்பகத்திலே கூடுகிறோம். அந்த ஏட்டோடு வாருங்கள். திருப்பத்து வீட்டுத் தாயையும் அழைத்துவரும்படி தோழரிடம் சொல்லியிருக்கிறேன். கணக்கு எழுதிக் கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியும்.